அட்டை எழுதும் காபன் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

வெளிநாட்டு வங்கிகள் சில, ‘இந்த மாதம் உங்கள் காபனீரொட்சைட்டு இத்தனை கிலோ’ என்று தங்கள் ஆப்பில் காட்டத் தொடங்கியிருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நாலைந்து வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, லண்டனில் இருக்கும் என் தம்பி போன வாரம் வீடியோ கோலில் தன் வங்கி ஆப்பைக் காட்டினான். சாப்பாட்டுக்கு இத்தனை கிலோ, பயணத்துக்கு இத்தனை கிலோ என்று வட்டம் போட்டுப் பிரித்திருந்தது. அவன் கோழி வாங்கினானா கத்தரிக்காய் வாங்கினானா என்று வங்கிக்கு எப்படித் தெரியும்?
– ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: தெரியாது. முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அதைத்தான். கார்ட் போடும்போது வங்கிக்குப் போவது கடையின் பெயர், இடம், நேரம், தொகை, அதோடு ஒரு நாலு இலக்க எண். கடை என்ன வியாபாரம் செய்கிறது என்பதைச் சொல்லும் எண் அது, உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு: பலசரக்கு, சுப்பர் மார்க்கெட் என்றால் 5411, பெற்றோல் செட் 5541, மருந்துக்கடை 5912. இந்த வகைக் கடையில் ஒரு பவுண் செலவழித்தால் சராசரியாக இத்தனை கிராம் காபன் என்று முன்கூட்டியே போட்ட அட்டவணை ஒன்று இருக்கும், செலவுத் தொகையை அதால் பெருக்கினால் தம்பியின் வட்டம் வந்துவிடும். இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது பின்லாந்தின் ஓலண்ட் தீவு வங்கி. சுவீடனின் டொகானமி நிறுவனம் அதையே வைத்து 2019-இல் மாஸ்டர்கார்டோடு சேர்ந்து ஒரு கடனட்டையை அறிவித்தது, காபன் எல்லையைத் தாண்டினால் அந்த அட்டை வேலை செய்யாது என்பதுதான் அதன் பெருமை. 2021-இல் மாஸ்டர்கார்ட் இந்தக் கணக்கை மற்ற வங்கிகளும் தங்கள் ஆப்பில் பொருத்தும்படி கொடுத்தது.

பணத்தை வைத்துக் காபனை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. குருநகரில் படகு எடுக்கிற ஒருவர் முதல் நாளும் பத்து லீற்றர்தான் ஊற்றினார், அடுத்த நாளும் பத்து லீற்றர்தான். எஞ்சினிலிருந்து போன புகையில் ஒரு துளி வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய அட்டவணையை வைத்து ரூபாயால் பெருக்குகிற ஆப் அவர் நாலு மடங்கு புகை விட்டார் என்று சொல்லும். அதே போல ஒரே சுப்பர் மார்க்கெட்டில் நீங்கள் 2000 ரூபாய்க்குப் பருப்பும் கீரையும் வாங்குகிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் 2000 ரூபாய்க்கு நியூசிலாந்திலிருந்து வந்த சீஸ் வாங்குகிறார், இரண்டு பேருக்கும் ஒரே எண் விழும். நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய முருங்கைக்காயோ கணக்கிலேயே வராது.

பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். விமான ரிக்கெட், பெற்றோல், மின்கட்டணம் போன்ற பெரிய உருப்படிகளை அது ஓரளவு சரியாகச் சுட்டிக் காட்டும். தம்பி தன் ஆண்டுக் கணக்கைப் பார்த்து ‘ஐயோ, இந்த ஒரு பயணமா இவ்வளவு’ என்று யோசித்தால் அது நல்லதுதான்.

கேள்வி: நம் கடைகளில் இருக்கிற கியூஆர் அட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– பலசரக்குக் கடைக்காரர், கொக்குவில்

பதில்: உண்டு ஐயா. உங்கள் கண்ணாடி மேசைக்குக் கீழே, தோடம்பழ இனிப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற லங்கா கியூஆர் சதுரத்துக்குள்ளும் அந்த நாலு இலக்க எண் இருக்கிறது. வாடிக்கையாளர் ஸ்கான் பண்ணும்போது உங்கள் கடையின் பெயரோடு அதுவும் போகிறது. என்ன பொருள் வாங்கினார் என்பது போகாது. ஆக, காபன் கணக்குப் போடத் தேவையான மூலப்பொருள் இங்கேயும் தயாராக இருக்கிறது, யாராவது ஒரு நாள் அதைச் சமைக்க நினைத்தால் புதிதாக எதுவும் பொருத்தத் தேவையில்லை.

கேள்வி: அக்கா, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, நாங்கள் ‘என் பில்லைப் பார்க்காதே’ என்று நிற்பது சுயநலம் இல்லையா? நான் ஒன்றும் களவு செய்யவில்லை. நான் ரொட்டி வாங்கியதை வங்கி பார்த்தால் எனக்கு என்ன?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதியில் நானும் உங்கள் பக்கம்தான். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரைக் கிணற்றில் அள்ளிக் குடிக்கிற ஊர் நம்முடையது, கடல் ஏறினால் அது உவராகும், எங்கள் அம்மா வீட்டுக் கிணறு எந்த மாதம் எப்படி ருசிக்கும் என்பது எனக்கு நாக்கில் தெரியும். சூழல் முக்கியமில்லை என்று சொல்கிறவள் அல்ல நான்.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். ரொட்டியை மட்டும் தனியே பார்க்க முடியாது. காபன் கணக்குப் போட வேண்டுமென்றால் உங்கள் எல்லாக் கொடுப்பனவும் வேண்டும், ஒன்று விட்டாலும் கணக்குப் பிழைக்கும். ரொட்டியோடு சேர்த்து மருந்துக்கடை, வைத்தியரிடம் போனது, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கொடுத்தது, இரவு பதினொன்றரைக்கு எந்தச் சந்தியில் நின்று தேநீர் குடித்தீர்கள் என்பது, எல்லாம் ஒரே கோப்பில். ‘பெயரை எடுத்துவிட்டுத்தான் வைத்திருக்கிறோம்’ என்று சொல்வார்கள். 2015-இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. பதினொரு லட்சம் பேருடைய மூன்று மாதக் கடனட்டைத் தரவு, பெயர் இல்லை, அட்டை எண் இல்லை. ஒருவர் எந்தக் கடையில் எந்த நாளில் நின்றார் என்று நாலே நாலு தடவை தெரிந்தால் போதும், 90 சதவீதமானவர்களைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம் என்று கண்டார்கள். நாலு தடவை என்பது என்ன? நீங்கள் பேஸ்புக்கில் போட்ட இரண்டு சாப்பாட்டுப் படமும், நண்பர் பார்த்த இரண்டு நாளும்.

பிறகு இன்னொன்று. சீனாவின் அலிபே என்ற கொடுப்பனவு ஆப்பில் 2016-இலிருந்து ‘அன்ட் ஃபொரெஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் போனால், நடந்தால், பில்லைக் கடதாசியில் கட்டாமல் ஆப்பில் கட்டினால் பச்சைப் புள்ளிகள் விழும், புள்ளிகள் சேர்ந்தால் உள் மொங்கோலியா போன்ற வறண்ட பகுதிகளில் உண்மையான மரம் நடுவார்கள். கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், மரங்களும் நட்டார்கள், அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. அதே அலிபே 2018 ஜனவரி தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. வருடக் கடைசிச் செலவறிக்கையைப் பார்க்க ஆசையோடு திறந்தவர்களின் திரையில், தங்கள் தரவை அலிபேயோடு சேர்ந்த கடன் தகுதிப் புள்ளிச் சேவைக்குக் கொடுக்கச் சம்மதம் என்ற பெட்டி ஏற்கெனவே ‘சரி’ போட்டபடி சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. ஒன்றைப் பார்க்க வந்தவர்களிடம் இன்னொன்றுக்குக் கையெழுத்து வாங்கியது போல.

எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த இடம்தான் தம்பி, சேர்க்கும்போது சொன்ன காரணம் ஒன்று, பிறகு பயன்படுவது வேறொன்றுக்கு. உங்கள் வயதுக்காரருக்கு இது புத்தகத்தில் வருகிற விஷயமாக இருக்கலாம், உங்கள் அப்பம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வாக்காளர் இடாப்பு வாக்குப் போடத்தான் தயாரித்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடு எது என்று தேடி வந்தவர்களின் கையில் அந்த இடாப்பு இருந்தது. அதை எழுதிய கிராம சேவகரோ லிகிதரோ அப்படி ஒரு நாள் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 1996-க்குப் பிறகு கொழும்புக்குப் போக இங்கே யாழ்ப்பாணத்தில் பாஸ் (பயண அனுமதி) எடுத்து நின்றோமே, ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தோமே. மேசையில் பாஸ் எழுதியவர் முகத்தை அன்றைக்கு நாங்கள் பார்த்தோம். ஒரு ஆப்பில் அந்த முகமும் தெரியாது.

இதற்காகக் காபன் ஆப் செய்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடு செய்கிறார்கள். தரவு அவர்களை விட நீண்ட காலம் உயிரோடு இருக்கும் என்பதுதான் பிரச்சினை.

கேள்வி: 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக் கியூஆர் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு நிம்மதி. அதற்கு முன் மூன்று நாள் வரிசையில் படுத்தேன். ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். காபனுக்கும் அப்படிச் செய்தால் என்ன?
– ஓட்டோ ஓட்டுநர், சாவகச்சேரி

பதில்: அண்ணா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. அந்தக் கியூஆரை நானும் லமினேற் பண்ணி, ஸ்கூட்டித் திறப்போடு கோர்த்துத் தொங்கவிட்டிருந்தேன். வெயிலில் ஓரம் பிரிந்து, கறுப்புக் கட்டங்கள் மங்கி, செட்டில் நிற்கும் பெடியன் போனை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஸ்கான் பண்ணுவான். இன்னும் அந்த அட்டை மேசை லாச்சியில் கிடக்கிறது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. காசு இருப்பவனும் இல்லாதவனும் ஒரே அளவு. வரிசை குறைந்தது, கானில் வாங்கி ஒளித்து விற்பது குறைந்தது, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை.

உலகத்தில் இதைக் காபனுக்குச் செய்ய யோசித்தவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் 1996-இலேயே ஆளாளுக்குக் காபன் பங்கு, மிச்சம் பிடித்தவர் விற்கலாம், கூடத் தேவைப்படுகிறவர் வாங்கலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். பிரித்தானிய அரசு அதை ஆராய்ந்து, செலவும் அதிகம், காலமும் இன்னும் வரவில்லை என்று 2008-இல் கைவிட்டது. பின்லாந்தின் லஹ்தி நகரத்தில் சில வருடங்களுக்கு முன், விரும்பிச் சேர்ந்தவர்களின் பயணங்களை மட்டும் போனால் அளந்து, பங்கை மிச்சப்படுத்தியவர்களுக்கு நகரசபைச் சலுகைகள் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் நம் கியூஆரில் இரண்டு நல்ல குணங்கள் இருந்தன, அதை மறக்கக் கூடாது. ஒன்று, அது அளந்தது லீற்றரை, ரூபாயை இல்லை, அதனால் கணக்கு நேரானது. இரண்டு, அதற்கு ஒரு பொருள்தான் தெரியும். வாகன இலக்கம், அடையாள அட்டை எண், ஊற்றிய பெற்றோல் போன்றவைதான், நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்று அது கேட்கவில்லை. 2023 செப்டெம்பரில் தேவை முடிந்ததும் முறையையும் நிறுத்தினார்கள். ஆளின் முழுக் காபனையும் பங்கிட வேண்டுமென்றால் அந்தச் சின்னச் சதுரம் உங்கள் முழு வாழ்க்கையையும் விழுங்க வேண்டும். அப்போதும் நியாயமாக இருக்குமா? வண்டி இலக்கத்துக்குப் பங்கு என்றபோது தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பு வைத்திருந்தவர் கானோடு நின்றதைப் பார்த்தீர்கள்தானே, பம்புக்கு இலக்கத் தகடு இல்லை. எந்தப் பங்கீட்டிலும் அப்படி ஒருவர் வெளியே நிற்பார். பெற்றோலுக்கு நான் ஆம் சொல்வேன் அண்ணா. முழு வாழ்க்கைக்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிள்ளை, என்ரை மகன் கனடாவிலை இருந்து மாதாமாதம் காசு அனுப்பித்தான் இந்த வீடு ஓடுது. கரண்ட் பில்லும் அவன்தான் அங்கையிருந்து போனிலை கட்டுறவன். அந்தக் காபன் அவன்ரை கணக்கிலையா என்ரை கணக்கிலையா?
– ஒரு தாய், வேலணை

பதில்: அம்மா, மிகவும் நுட்பமான கேள்வி இது. அட்டையைப் பொறுத்தவரை யார் கட்டினாரோ அவர்தான் எரித்தார். வேலணையில் உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றியது, ஆனால் எண் விழுவது ரொறன்ரோவில் மகனின் பெயரில். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் குடும்பத்தோடு வந்து, நாலு பேருக்கும் ஒரே அட்டையில் ரிக்கெட் போட்டால், சின்னப் பேத்தியின் புகையும் அப்பாவின் தலையில். நம் ஊர்க் குடும்பங்கள் கடல் தாண்டி ஒரே அடுப்பில் சமைக்கிற குடும்பங்கள், அட்டைக்கு அது விளங்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இலங்கையில் ஓர் ஆள் ஒரு வருடத்துக்கு வெளியிடுகிற காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். லண்டனிலிருந்து கொழும்புக்கு ஒருவர் ஒருமுறை வந்து போனாலே, கணக்கிடும் முறையைப் பொறுத்து ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டரை வரை வரும், கனடா என்றால் இன்னும் தூரம். மகனை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லி இதை எழுதவில்லை அம்மா, அவர் வரட்டும், வந்தால் நாலு நாளில் திரும்பாமல் ஒரு மாதம் உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: சுப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள், புள்ளி சேருமாம். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, மானிப்பாய்

பதில்: வங்கிக்குத் தெரியாத ஒன்று அந்தக் கடைக்குத் தெரியும்: நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளும். கோழியா கத்தரிக்காயா என்று முதல் கடிதத்தில் கேட்டாரே, அதற்கான பதில் இந்தப் புள்ளி அட்டையில்தான் இருக்கிறது. நான் கொடுப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ‘நம்பர் இல்லாமல் பில் வராது’ என்று பிள்ளை ஒருத்தி சொன்னாள். பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள், நானும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு குறுஞ்செய்தி வருகிறது. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அப்படிக் கேட்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நம்பர் இல்லாமலும் பில் வரும், பெரும்பாலும் வருகிறது.

சட்டம் கேட்டும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காகத் தரவு எடுத்தார்களோ அதற்குப் பொருந்தாத வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக உள்ளது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது, அதற்கு முன்பே தள்ளிப்போட்டார்கள். கொடுப்பனவை வைத்துக் காபன் பார்க்கிற ஆப் எதுவும் அந்தச் சட்டம் முழுப் பலத்தோடு நிற்கும்வரை இங்கே வரக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: ஆளாளுக்குக் காபன் தடம் என்பதே எண்ணெய்க் கம்பெனிகள் நம் தலையில் கட்டிய கதை என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பாதி உண்மை. காபன் தடத்துக்கு மூலமான சூழலியல் தடம் என்ற எண்ணம் 1990-களில் கனடாவில் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது. ‘உங்கள் காபன் தடம் எவ்வளவு?’ என்று தனியாளிடம் கேட்டு அதைப் பிரபலமாக்கியதில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் 2000-களின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கேட்டவர் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் அதற்காகக் கேள்வியே பொய்யாகிவிடாது. நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருகிறது. அதை மாற்றுவது அரசாங்கத்தின் கையில், தேவையில்லாத விளக்கை அணைப்பது நம் கையில்.

கேள்வி: ஆப் வேண்டாம் என்றால் வேறு எப்படிக் கணக்குப் பார்ப்பது? வீட்டில் செய்து பார்க்க ஆசை.
– ஓய்வுபெற்ற லிகிதர், பருத்தித்துறை

பதில்: ஐயா, உங்களுக்கு இது கைவந்த வேலை. நான் செய்வதைச் சொல்கிறேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று, குசினிக் கதவுக்குப் பின்னால் நூலில் தொங்குகிறது. ரூபாயை எழுதுவதில்லை, அளவை மட்டும்தான். பெற்றோல் ஒரு லீற்றருக்கு 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, டீசல் 2.7, மண்ணெண்ணெய் ஏறக்குறைய 2.5. சமையல் காஸ் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடிந்தால் 37 கிலோ அளவில். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மழை நன்றாகப் பெய்து நீர்மின் கூடிய மாதத்தில் உண்மையில் குறையும், வறட்சியில் கூடும்.

என் வீட்டில் நாலு பேர். போன மாதம் ஸ்கூட்டிக்கு 12 லீற்றர், அது 27.6 கிலோ. காஸ் ஒன்றரை மாதம் வருகிறது, ஆக மாதத்துக்கு 25. கரண்ட் 90 யூனிட், 45 கிலோ. கூட்டினால் 98-க்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாடு, உடுப்பு, பஸ் எல்லாம் இதில் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு வீடு தானே குறைக்கக்கூடிய பெரிய பகுதி இந்த மூன்று வரியில் அடங்கிவிடும். கொப்பியைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரை மாற்றினோம், ஒன்பது யூனிட் குறைந்தது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவு வரும் என்று அப்பா சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார். உங்களிடமும் அப்படி ஒரு கணக்கு இருந்திருக்கும். கொப்பி தொடங்கினால் இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள் ஐயா, எண்களைச் சொல்ல வேண்டாம், எதில் குறைந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.